பதிமூன்றாம் நம்பர் நட்டு

நவம்பரில் டிக் டிக் என்றது நிவா.
ஜனவரியில் டக் டக்.
இப்போது மார்ச்.
கொச்கோர் கடைத்தெருவில் நான் திரும்பும்போதே
ரொட்டிக்காரி புருல்சா தலை நிமிராமல்
இரண்டை எடுத்துத் தனியே வைக்கிறாள்.
மலைக்கு மேலே இன்னும் மோசம்:
கால்நடை டாக்டர் வருகிறாள் என்பது
குன்றுக்கு அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது
ஊசிக்குப் பயந்த ஆடுகளுக்கு.
நான் இறங்கும்போது பட்டி காலி.
சரிவெங்கும் வெள்ளைப் புள்ளிகள்,
பின்னால் ஓடும் ஒரு பையன்,
கையில் தொப்பி.

மெலிஸ், நீ யெகாதெரின்புர்கில்
பதினேழாவது மாடிக்குச் சிமென்ட் ஏற்றுகிறாய்.
சாப்பாட்டு நேரத்தில் போன் செய்து
"பானெட் பக்கத்தில் பிடி" என்கிறாய்.
"இன்னும் பக்கத்தில்."
ஒரு நிமிடம் கேட்கிறாய்.
உன் பக்கத்தில் காற்று, கிரேன், யாரோ இருமுவது.
"வால்வு" என்கிறாய்,
பிள்ளைக்குப் பெயர் வைப்பவனைப் போல.

ஞாயிறு. ஷெட் கதவைத் திறந்து போட்டால் வெளிச்சம்,
மூடினால் கொஞ்சம் சூடு.
வெளிச்சம் போதுமென்று குளிரில் நின்றேன்.
கைப்பிடியைச் செருகி அரைச் சுற்று, இரண்டு வால்வு.
இன்னொரு அரைச் சுற்று, இன்னும் இரண்டு.
இடைவெளி, பூஜ்யம் புள்ளி ஒன்று ஐந்து மில்லிமீட்டர்.
தகடு உள்ளே போகவும் வேண்டும்,
போவது கைக்குத் தெரியவும் வேண்டும்:
ஒட்டிக்கொண்ட இரண்டு பக்கங்களுக்கு நடுவிலிருந்து
காகிதத்தை உருவுகிற மாதிரி.
எட்டும் முடிந்தபோது
என் விரல்கள் யாருடையவையோ.

சாவியைத் திருப்பினேன்.
டக் டக்.

"அப்போ செயின்" என்றாய் மறுநாள்.
செயினையும் இறுக்கினேன்.
டக் டக்.
"அப்போ..." என்று நீ ஆரம்பிக்க
மேஸ்திரி உன்னைக் கூப்பிட்டுவிட்டான்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது.
ஐந்து மாதமாகப் பின் சீட்டில்
ஸ்டெதஸ்கோப்பைப் போட்டுக்கொண்டே ஓட்டியிருக்கிறேன்!

வால்வு மூடியில் வைத்தேன்:
தையல் மெஷின், சீரான கை.
டைனமோவில்: தேனீக்கள்.
தண்ணீர் பம்ப்பில்: ஒன்றுமில்லை, நல்ல ஒன்றுமில்லை.
இதயத்தில் குறையே இல்லாத ஒரு பசு
முற்றத்தில் நின்று சத்தம் போடுகிறது என்றால்
அடுத்து எங்கே கை வைப்பேன்?
விலாவில்.

வைத்தேன்.
புகைக்குழாய் எஞ்சினோடு சேருமிடத்தில்,
மணிக்கட்டின் உள்பக்கத்தில்,
புஸ், புஸ், புஸ்.
சூடான சின்ன மூச்சு.
இது தட்டவே இல்லை, மெலிஸ்.
ஒழுகியிருக்கிறது.
போனில் மூச்சு படாது,
உன்மேல் தப்பில்லை.

நான்காவது சிலிண்டர் ஓரம் மை தீட்டியதுபோல் கரி.
அங்கே நட்டு இருக்க வேண்டிய இடத்தில்
மரை மட்டும்.
எந்த ஆற்றுப் படுகையில் உதிர்ந்ததோ.

செம்பு பூசிய ஒரு நட்டு, ஒரு கேஸ்கெட்.
கடைக்காரன் "இவ்வளவுதானா?" என்று
எனக்குப் பின்னால் யாரையோ தேடினான்.
பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுக்க
குளம்பு சீவும் கத்தி.
அதை நீ பார்த்திருந்தால் கத்தியிருப்பாய்.

நீ கூப்பிட்டாய். போனைப் பிடித்தேன்.
"கட் ஆகிவிட்டதா?"
"இல்லை. ஓடுகிறது."
"எது?"
"நிவா."
கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை நீ.
அப்புறம், "வால்வுதானே?"
வாயில் ஸ்பேனர் இருக்கிற மாதிரி
ம்ம் என்றேன்.
ஸ்பேனர் கையில்தான் இருந்தது.

இன்று காலை கணவாய்க்குக் கீழே
எர்கேஷின் பட்டி.
எஞ்சினை அணைக்காமலே இறங்கினேன்.
ஐம்பது ஆடுகளும் வைக்கோலில் வாய் வைத்தபடி.
ஒரு கிடா மட்டும் நிமிர்ந்து
வண்டியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது,
மறுபடி வண்டியைப் பார்த்தது.

ஊசியில் மருந்தை ஏற்றினேன்.
புருல்சா மட்டும்தான் கோபமாக இருக்கிறாள்,
ரொட்டி தீர்ந்த பிறகு வருகிறேனாம்.